ஏழாம் வசனம்

அவர் ஆங்கிலத்தில் ‘நான்’ என்று சொன்னால் அவளும் தமிழில் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று இடையில் ஒரு வார்த்தை நுழைத்தாலும் பிரசங்கத்தின் சூடு ஆறிவிடும் என்று கமிட்டிக்காரர்கள் காலையிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் சுகிர்தா டீச்சர், இருபத்திரண்டு வருஷமாக நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுப்பவள், பிரசவத்துக்கு அன்றி ஆஸ்பத்திரியில் ஒரு நாள்கூடப் படுக்காதவள், சனிக்கிழமை நண்பகலில், தேரி மணல்மேட்டு ஓரத்துப் பந்தலில், ஆயிரம் பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “நான் ஆபரேஷன் மேஜையில் செத்துப்போனேன்” என்றாள். பந்தலுக்குள் இருந்த ஒலிபெருக்கி உடனே சொன்னது. செம்மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் கடைசிப் பனையில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி ஒரு மூச்சு கழித்து, “செத்துப்போனேன்” என்றது. அவள் குரல்தான். இருந்தாலும் மணலைத் தாண்டித் திரும்பி வரும்போது அதில் ஏதோ ஒன்று கூடியிருந்தது, அல்லது குறைந்திருந்தது. அங்கே ஒருத்தி நின்றுகொண்டு இவள் சொன்னதை எடுத்து, பொய்யா மெய்யா என்று நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வெளியே விடுகிறாள் என்று தோன்றியது. நிழல் காலடிக்குள் சுருங்கிவிட்ட நேரம். பந்தலுக்கு வெளியே ஒரு காகம்கூட இல்லை. காற்று மட்டும் மணலைத் தரையோடு தரையாகத் தள்ளிக்கொண்டு போனது. செருப்புத் தடம், வண்டித் தடம், வந்தவர்கள் வந்த வழி எல்லாம் மூடிக்கொண்டே இருந்தது. சகோதரர் மார்க்கஸ் மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார். பெங்களூரிலிருந்து காரில் வந்தவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், இந்த வெயிலிலும் வெள்ளைக் கோட்டைக் கழற்றவில்லை, முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாது என்று சொல்லியிருந்தார்கள். காலையில் இவள், “ஸ்தோத்திரம், பிரதர்” என்றபோதுகூட ஆங்கிலத்தில்தான் பதில் வந்தது. அவர் ஒரு வாக்கியம் சொல்வார், நிற்பார். அந்த நிற்றலுக்குள் இவள் தன் வாக்கியத்தை வைக்க வேண்டும். “செத்தவன் கண்ணைத் திறந்தேன்,” என்றாள். “திறந்தேன்,” என்றது பனை.

இப்படிப் பேசும்போது மனசு என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. வாய் ஒரு வேலை செய்யும், காது ஒரு வேலை செய்யும், மனசு இரண்டுக்கும் நடுவில் கைகட்டி நிற்கும். இரண்டு மணி நேரம் மொழிபெயர்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் என்ன பேசினோம் என்பது நினைவில் இருக்காது. அவள் கணவர் கேட்டால், “நல்லா பேசினாரு” என்பாள், அவ்வளவுதான். வாய் வேறு யாருடைய வேலைக்காரனோ. அந்த நினைப்பு வந்ததும் அவள் அதை உதறப் பார்த்தாள், அது சேலை முந்தானையில் ஒட்டிய நெருஞ்சி முள்ளாகக் கூடவே வந்தது. முன்வரிசையில் சம்மணமிட்டு இருந்த பெண்களில் பாதிப்பேர் அவளிடம் படித்தவர்கள். பள்ளிப் பாடத்தைச் சொல்லவில்லை. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கோயில் வளாகத்தில் அவள் நடத்தும் வேத வியாக்கியான வகுப்பு. ஒரு வசனத்தை எடுத்தால் முதலில் கேட்க வேண்டியது: இதைச் சொன்னது யார், யாரிடம் சொன்னது, எதற்காகச் சொன்னது, முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறதா, நடக்கச் சொல்கிறதா? பாட்டா, கதையா, கடிதமா? ஓரிடத்தில் இருட்டாக இருந்தால் வெளிச்சமான வேறோர் இடத்தை வைத்துப் படி. உனக்குப் பிடித்ததை அதற்குள் போட்டுவிட்டு அதையே வெளியே எடுக்காதே. நோட்டில் எழுதிக்கொள்வார்கள், சிவப்பு மையில் அடிக்கோடு போடுவார்கள். எல்லாரையும்விட ஒழுங்காக எழுதுகிறவள் டெய்சிகனி. அதோ, நாலாம் வரிசையில், ஊதாச் சேலை. மடியில் அவள் மகள் ஷெரின், பதினோரு வயது, வலிப்பு வரும் பிள்ளை. போன வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்து நெற்றி கிழிந்து, அதற்குப் பிறகு திருநெல்வேலி டாக்டர் மாத்திரை மாற்றிக் கொடுத்து, ஒன்பது மாதமாக ஒன்றும் இல்லை. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று. டெய்சி பர்ஸைவிட அந்த மாத்திரை அட்டையைத்தான் பத்திரமாக வைத்திருப்பாள். ஷெரின் இப்போது மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையைப் பார்க்கிறாளா, மேடைக்குப் பின்னால் வேறு எதையாவதா? உதடு அசைந்துகொண்டிருந்தது. சுகிர்தா ஒரு வாக்கியம் சொன்னாள், பிள்ளையின் உதடும் அதையே சொன்னது; கூடவே சொன்னதா, அல்லது ஒரு எழுத்து முன்னாலேயே சொன்னதா? அப்படி இருக்காது. உபவாசக் கூட்டம், காலையிலிருந்து வெறும் வயிறு, கண்ணுக்கு எல்லாம் தோன்றும். அவள் பார்வையைத் திருப்பி இரண்டாம் வரிசைக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒரு முதியவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார், அவருடைய வாய்க்குள் இருட்டு தெரிந்தது, தூங்கும்போது அப்பாவும் அப்படித்தான்.

அப்பா. அங்கே போகக் கூடாது. போனாள். ஏசுவடியான் போஸ்ட்மாஸ்டர், ஐம்பத்தோரு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரலை வைத்தார். எசேக்கியா ராஜா சாகக் கிடக்கிறான், தீர்க்கதரிசி வந்து சொல்கிறார், உன் நாட்களோடு பதினைந்து வருஷம் கூட்டுவேன் என்று. விரல் அதில் இருந்தது. அப்பா அழுதார், அம்மா அழுதாள், சபையில் சாட்சி சொன்னார்கள். பக்க ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டு வைத்தார். பதினைந்து வருஷம் அப்பாவுக்கு ஒரு தலைவலி இல்லை, டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு, சைக்கிள் மிதித்துக்கொண்டு, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, பேரனைத் தூக்கி. பதினைந்தாவது வருஷம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது பேச்சைக் குறைத்தார். அந்தத் தேதி ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அம்மாவிடம் ஜன்னலைச் சாத்தச் சொல்லிப் படுத்தார். மதியம் மூன்று மணிக்கு மூச்சு நின்றுவிட்டது. ஊரே திரண்டு வந்தது, பக்கத்து ஊர்ச் சபைகளின் ஐயர்மாரெல்லாம் வந்து கல்லறையில் நின்று, சொன்னதைச் செய்கிறவர் என்று கைகளை உயர்த்தினார்கள். சுகிர்தாவும் உயர்த்தினாள். நாலாம் நாள் மெத்தையை வெயிலில் போடத் தூக்கியபோது அடியில் வரிசையாக மாத்திரை அட்டைகள் இருந்தன, மூன்று மாதத்து மாத்திரை, ஒன்றுகூடப் பிரிக்காமல். அவள் அதையெல்லாம் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டாள். தண்ணீரில் விழுந்த சத்தம் எப்படி இருந்தது என்று சொல்லச் சொன்னால் இன்றைக்கும் அவளால் சொல்ல முடியும். அம்மாவிடம் சொல்லவில்லை. கணவரிடம் சொல்லவில்லை. வசனம் நிறைவேறியதா, அப்பா நிறைவேற்றிக்கொண்டாரா? அஞ்சல் வழியில் வேத வியாக்கியானம் படிக்கச் சேர்ந்ததும் வகுப்பு எடுக்கத் தொடங்கியதும் அந்தக் கேள்விக்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை. விதிகள் எல்லாம் ஒரே பக்கம் நின்றன: அது எசேக்கியாவுக்குச் சொன்னது, ஏசுவடியானுக்குச் சொன்னது இல்லை. ஆனால் தேதி? தேதி வந்து நின்றதே. மூன்று மாதம் மாத்திரை போடாதவர் அதற்கு முந்தின நாள் போயிருக்கலாம், ஒரு வாரம் கழித்துப் போயிருக்கலாம். மிகச் சரியாக அந்தச் செவ்வாய்க்கிழமை ஏன்? இங்கே வந்ததும் அவள் மனசு ஒவ்வொரு தடவையும் தடுக்கி விழும். தப்பாகப் படிப்பவனுக்கும் பதில் சொல்கிற ஏதோ ஒன்று அந்தப் பக்கங்களுக்குப் பின்னால் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறதோ என்று. விரலை வைத்தால் பிடித்துக்கொள்ளும் என்று.

“ஆசா,” என்றார் சகோதரர் மார்க்கஸ். அவள் வாய், “ஆசா ராஜா” என்றது. அவனுடைய கால்களில் நோய் வந்தது. அந்த நோயிலும் அவன் கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடினான். தேடினான், செத்தான். இரண்டாம் நாளாகமம் பதினாறு, பன்னிரண்டு. அவர் அந்த ஒரு வசனத்தை மூன்று தடவை சொன்னார், ஒவ்வொரு தடவையும் மெதுவாக. அவளும் மூன்று தடவை சொன்னாள், பனை ஆறு தடவை சொன்னதாக அவளுக்குக் கேட்டது. யாரைத் தேடுகிறாய் நீ? உன் பைக்குள் யார் இருக்கிறார்? அவர் குரல் தாழ்ந்தது, கிட்டத்தட்டக் கொஞ்சுகிற குரல். உன் பைக்குள் ஒரு சின்ன வைத்தியன் ஒளிந்திருக்கிறான். அவனை எடுத்துக்கொண்டு வா. இந்த மேடையில் வை. இன்றைக்குப் பிறகு அது உனக்கு வேண்டாம். நான் சொல்கிறேன், அது உனக்கு வேண்டாம். அவள் மனசு, ‘பொறு’ என்றது. அதற்குள் வாய் சொல்லி முடித்திருந்தது. சுத்தமான தமிழில், ஏற்ற இறக்கத்தோடு, கடைசிச் சொல்லில் அழுத்தம் கொடுத்து. “நான் சொல்கிறேன், அது உனக்கு வேண்டாம்.” மணலுக்கு அப்பால் இருந்தவள் இந்தத் தடவை கொஞ்சம் தாமதித்தாள். பிறகு அவளும் சொன்னாள்.

ஜனங்கள் எழுந்தார்கள். சத்தமில்லாமல் எழுந்தார்கள், அதுதான் பயமாக இருந்தது. அழுகை இல்லை, கூச்சல் இல்லை, தூக்கத்தில் நடப்பவர்களைப் போல வந்து, பலகை விளிம்பில், அவள் செருப்பில்லாத காலுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போனார்கள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, ரப்பர் பேண்ட் போட்ட காகிதக் கவர், மூச்சிழுக்கும் குப்பி, பாதி தீர்ந்த டானிக். அலுமினியத் தாள்கள் வெயிலில் மினுங்கின. மெத்தைக்கு அடியில் மினுங்கவில்லை, அங்கே இருட்டு. டெய்சி வந்தாள். ஷெரினை இடுப்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். ரவிக்கைக்குள் கைவிட்டு எடுத்தாள், அந்த அட்டையில் இரண்டு இடம்தான் பிரிக்கப்பட்டிருந்தது. வைக்கும்போது அவள் மார்க்கஸைப் பார்க்கவில்லை. சுகிர்தாவைப் பார்த்தாள். வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, ‘சரிதானே டீச்சர்’ என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை. டெய்சிக்கு அவர் பேசியதே கேட்கவில்லை. இவளுக்குக் கேட்டதெல்லாம் என் குரல். நான் என்று சொன்னது நான். யார் சொன்னது? நான் சொன்னேன். யாரிடம்? டெய்சியிடம். பிள்ளையின் உதடு அசைந்துகொண்டே இருந்தது, கண் இமைக்கவில்லை, இடது கை விரல்கள் எதையோ எண்ணுவது போல மடங்கி விரிந்தன. மதிய மாத்திரையின் நேரம் தாண்டிவிட்டது. மார்க்கஸ் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். நின்றார். காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. அவர் மறுபடி சொன்னார். பந்தல் முழுதும் அவளைப் பார்த்தது. அந்த மௌனத்தில் பனையும் சும்மா இருந்தது. மனசு முதலில் ஆசாவுக்கு ஓடவில்லை, எசேக்கியாவுக்கு ஓடியது, அப்பாவின் விரலுக்கு, அந்த விரலுக்குக் கீழே ஒரு வரிக்கு. ஆறாம் வசனத்தில் பதினைந்து வருஷம். ஏழாம் வசனத்தில் என்ன? எத்தனை தடவை வாசித்திருக்கிறாள், எத்தனை தடவை வகுப்பில் சொல்லியிருக்கிறாள், அப்பாவோடு சேர்த்து ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லையே. அத்திப்பழம்.

“உட்காருங்க,” என்றாள். தன் குரல் இவ்வளவு சின்னதா என்று இருந்தது. “எல்லாரும் கொஞ்சம் உட்காருங்க. இது பிரதர் சொல்றது இல்ல. இது நான், சுகிர்தா, சொல்றேன்.” பின்னால் நாற்காலியில் இருந்த சபைப் போதகர், சேகரத்து ஐயர், பாதி எழுந்தார். மார்க்கஸ் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தார், கோட்டுக் கையை மைக்கை நோக்கி நீட்டினார், நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் நிறுத்தவில்லை. எசேக்கியாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டித் தருகிறேன் என்று சொன்ன அதே வாய், அடுத்த வசனத்தில் அத்திப்பழத்து அடை கொண்டுவரச் சொல்லுகிறது, அதைக் கட்டியின்மேல் போட்டார்கள், அவன் பிழைத்தான். வாக்குக் கொடுத்தவரே மருந்தும் போடச் சொன்னார். “எங்க அப்பா ஆறாம் வசனத்தோட நிறுத்திட்டாங்க,” என்றாள். “கடைசி மூணு மாசம் மாத்திரை போடல. மெத்தைக்கு அடியில வச்சிருந்தாங்க. நான்தான் எடுத்துக் கிணத்துல போட்டேன். ஊருக்கெல்லாம் அற்புதம்னு சொன்னோம். நானும் சொன்னேன்.” சொல்லிவிட்டாள். இருபது வருஷம் சொல்லாதது மைக்கில் போய்விட்டது, மணலைத் தாண்டிப் போய்விட்டது, அம்மாவின் வீட்டு வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். நிற்காமல் ஆசாவுக்கு வந்தாள். ஆசாவின் கதை காலில் தொடங்கவில்லை. எதிரி ராஜா வந்ததும் ஆலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் அள்ளி அந்நிய ராஜாவுக்கு அனுப்பினான். தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொன்ன ஞானதிருஷ்டிக்காரனைச் சிறையில் போட்டான். ஜனங்களை ஒடுக்கினான். அதற்கு அப்புறம்தான் கால் நோய். கடைசிவரை இவன் கர்த்தரிடம் திரும்பவில்லை என்று எழுதியவன் வருத்தப்படுகிறான், அவ்வளவுதான். அதில் உங்கள் மாத்திரை எங்கே இருக்கிறது? சுவிசேஷம் எழுதிய லூக்கா யார்? வைத்தியன்தானே. “ஜெபம் பண்ணுங்க. மாத்திரையும் போடுங்க. ஒண்ணுக்காக ஒண்ண விடச் சொல்லி அந்தப் பக்கத்துல இல்ல.” கூட்டம் அசையவில்லை. பிறகு டெய்சியின் குரல் கேட்டது, அழுகையும் கோபமுமாக. “அவரு சொன்னா யோசிச்சிருப்பேன், டீச்சர். நீங்கல்லா சொன்னீங்க.” சுகிர்தா குனிந்து அந்த அட்டையை எடுத்தாள், மேடையிலிருந்து இறங்கினாள், மைக் எங்கேயோ உருண்டு கிறீச்சிட்டது. தண்ணீர் பாட்டிலை யாரோ நீட்டினார்கள். ஷெரினின் தோள் ஒரு தடவை வெட்டியது. மறுபடி வெட்டவில்லை. “ஏட்டி, வாயைத் திற,” என்றாள் டெய்சி. பிள்ளை வாயைத் திறந்தது, விழுங்கியது, சுற்றிலும் பார்த்துவிட்டு, “எதுக்கும்மா எல்லாரும் நிக்காங்க?” என்றது. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பலகையில் தேடித் தங்களுடையதை எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாரும் எடுக்கவில்லை. நாலைந்து அட்டைகள் அங்கேயே கிடந்தன. அவற்றை யாருடையது என்று கேட்டு ஐயர் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மார்க்கஸ் எதுவுமே நடக்காதது போல ஆங்கிலத்தில் ஆசீர்வாத ஜெபம் செய்தார். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

மேடைக்குப் பின்னால் தென்னந்தட்டி மறைப்பில் மார்க்கஸ் தனியாக உட்கார்ந்திருந்தார். கோட்டு இன்னும் கழற்றப்படவில்லை. மன்னிப்புக் கேட்பதா, சண்டை போடுவதா என்று தெரியாமல் அவள் இரண்டுக்கும் பொருந்துகிற ஓர் ஆங்கில வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போனாள். பாதி சொல்லும்போதே அவர் கையைக் காட்டினார். “தமிழ்லயே சொல்லுங்க, சிஸ்டர்,” என்றார். இந்தக் கரையின் தமிழ். இழுவைகூட மாறாத தமிழ். “எங்க அம்மை ஊரு இந்தத் தேரிக்குத் தெக்கதான். பத்து வயசுல பெங்களூருக்குப் போயிட்டோம். முதல்ல தமிழ்லதான் பிரசங்கம் பண்ணுனேன். ஒருத்தரும் எந்திரிக்கல. இங்கிலீஷ்ல பேசி, பக்கத்துல ஒரு ஆள நிப்பாட்டிச் சொல்ல வச்சா எந்திரிக்காங்க.” இரண்டு மணி நேரம், அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் இந்த மனிதன் கேட்டுக்கொண்டு, கேட்காதவனைப் போல நின்றுகொண்டிருந்திருக்கிறான். “நான் சொன்னதெல்லாம் கேட்டீங்களா?” “எல்லாம் கேட்டேன்.” “ஏன் நிறுத்தல?” “நிறுத்தத்தான் கைய நீட்டுனேன். அப்ப நீங்க அத்திப்பழம்னு சொன்னீங்க. அது எனக்குத் தெரியாது. மேல என்னன்னு கேக்கணும்போல இருந்துச்சு.” பிறகு, தாழ்ந்த குரலில், கிட்டத்தட்ட அந்தக் கொஞ்சுகிற குரலில், “சாயங்காலமும் இதே பிரசங்கந்தான். எனக்கு வேற வராது. ஆரம்பிச்சா வாய் அதுபாட்டுக்குப் போயிரும். நீங்க வரணும்.” ஓடிப்போக வேண்டும் என்று அவள் கால்கள் சொல்லின. இந்த ஆள் இன்னும் எத்தனை மேடையில், எத்தனை பேரின் வாயால். “வாரேன்,” என்றாள். “ஆனா அந்த ஆசா அதிகாரத்த முதல் வசனத்துலேருந்து வாசிச்சிட்டுத்தான் ஆரம்பிக்கணும். நீங்க வாசிச்சிருப்பீங்க...” அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. “பன்னெண்டாம் வசனம் மட்டுந்தான் தெரியும். என்னைய இந்த ஊழியத்துக்குக் கூட்டிட்டு வந்தவரு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாரு. பதினெட்டு வருஷமாச்சு.” பந்தலில் சாமியானாவை யாரோ இழுத்துக் கட்டும் சத்தம். பதினெட்டு வருஷத்து ஊர்கள், பதினெட்டு வருஷத்து மேடைகள், யாரும் திரும்பி வந்து எடுக்காத அட்டைகள். அவள் தன் வேதாகமத்தைத் திறந்து, பக்கத்தைத் தேடி, அவர் மடியில் வைத்தாள். அவர் விரலை எழுத்துக்கு அடியில் வைத்துக்கொண்டார். பத்து வயதில் விட்டுப்போன தமிழ். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார், ‘ராஜா’ என்ற சொல்லில் தடுக்கினார், திரும்பிப் போய் மறுபடி கூட்டினார். முதல் வசனத்தை முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. முடித்துவிட்டு, இவ்வளவு போதுமா என்பது போல நிமிர்ந்து பார்த்தார்.

“அடுத்தது,” என்றாள் சுகிர்தா.